இருபத்தாறு மல்லாட்டை: வகுப்பெடுக்கப் போகும் மகனுக்கு

தம்பி,

நேற்று புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அடி அண்ணாமலைக் கடைவீதிச் சங்கத்தில் நாங்கள் முப்பத்தோரு கடைக்காரர்கள் கூடினோம். பூங்காவனத்தின் கூழ்க்கடையை எடுத்துவிடச் சொல்வது என்று முடிவு செய்யத்தான் கூடினோம். ஐந்தரை மணிக்குக் கலைந்தபோது கடை இருந்த இடத்திலேயே இருந்தது. நடந்தது அவ்வளவுதான். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொன்னால் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்று கேட்டுக்கொண்டே வேறு எதையாவது பார்ப்பாய். எழுதி அனுப்பினால் படித்துத்தான் ஆக வேண்டும். வரும் திங்கட்கிழமை நீ கோயம்புத்தூரில் முதன்முதலாக ஒரு வகுப்பறைக்குள் வாத்தியாராக நுழைகிறாய். கையை வீசிக்கொண்டு போகாதே. உன் அம்மா அனுப்பும் இந்தச் சரக்கையும் எடுத்துக்கொண்டு போ. கலப்படம் இல்லாத சரக்கு. நானே நேரில் நின்று பார்த்தது, பாதி நானே செய்தது.

சமூக உளவியல் படிக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்ற நாளில் நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. “மனுசங்க எப்படி நடந்துக்குவாங்கன்னு படிக்க ஒரு காலேஜாடா? பௌர்ணமி அன்னைக்கு என் கல்லாப்பெட்டி பக்கத்துல உக்காரு, நானே உனக்குப் பட்டம் கொடுத்துடறேன்” என்றேன். உங்க அப்பா மட்டும் “படிக்கட்டுமே” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரிடம் ரெண்டு நாள் பேசவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், நான் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. உன் புத்தகத்தில் இருந்த பல சங்கதி எனக்கு ஏற்கெனவே தெரியும், அது சரி. ஆனால் தெரிந்ததையெல்லாம் அடுத்தவரிடம் விற்பதற்குத்தான் நான் பயன்படுத்தினேன். என் புத்தியை ஒருமுறை திருப்பிப் பார்ப்பதற்குப் பயன்படுத்தவே இல்லை. அதுதான் தப்பு.

உனக்கு ஒன்றரை வயதில் நான் கிரிவலப் பாதையில் மல்லாட்டை வறுத்து விற்க ஆரம்பித்தேன். (கோயம்புத்தூரில் போய் மல்லாட்டை என்று சொல்லாதே. நிலக்கடலை என்று சொல், இல்லாவிட்டால் பிள்ளைகள் சிரிக்கும்.) உங்க அப்பா அப்போது ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நான் கீழ்பென்னாத்தூரில் ரெண்டு மூட்டை வாங்கி, வாடகை வண்டியில் மணல் சட்டி வைத்து நின்றேன். முதல் ரெண்டு பௌர்ணமியும் ஜனம் ஆறு மாதிரிப் போகிறது, ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. மூன்றாவது பௌர்ணமிக்கு உன் மாமாவையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ரெண்டு பேரையும் கூட்டிப்போய் வண்டிக்கு முன்னால் நிறுத்தினேன். “ஒண்ணும் பேசாதீங்க. நின்னு தின்னுங்க, போதும்” என்றேன். பத்து நிமிஷத்தில் அவர்களுக்குப் பின்னால் நாலு பேர், அரை மணியில் நாற்பது பேர். கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட உன் மாமா “அக்கா, வயிறு உப்பிப் போச்சு, நான் போலாமா?” என்று கத்துகிறான். “இருடா, இன்னும் ரெண்டு வாய் தின்னுட்டுப் போ” என்கிறேன் நான். எது நல்லது என்று தெரியாதபோது மனுஷன் பக்கத்து மனுஷனைப் பார்த்து முடிவு செய்கிறான் என்பதற்கு நீங்கள் சமூகச் சான்று என்று பெயர் வைத்திருக்கிறீர்களாம். வைத்துக்கொள்ளுங்கள். போகிறவர் உள்ளங்கையில் சூடாக நாலு பருப்பை வைத்துவிட்டால் அவர் வாங்காமல் நகர மாட்டார் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். வாங்கிய கை சும்மா போகக் கூசும். அந்தக் கூச்சத்தில்தான் நம் வீட்டின் முதல் மாடி எழுந்தது.

இப்படி ஊரையே படித்தவள் என்ற திமிர் எனக்கு இருந்தது. அந்தத் திமிரில் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். வண்டியை விட்டு மல்லாட்டை மண்டி போட்ட மூன்றாம் வருஷம் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி ஒருத்தர் ஈரம் காயாத மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். பத்துப் பேர் எதிரில் “எடை ஏத்தறதுக்குத் தண்ணி தெளிச்சுக் கொண்டாந்தியா?” என்று கேட்டுவிட்டேன். அவர் மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதே வாரம் நான் எண்ணெய் செக்குக்கு அனுப்பிய சரக்கும் ஈரமாகப் போய்ச் சேர்ந்தது. செக்குக்காரர் கேட்டபோது “நான் இன்னா பண்ணுவேன், மழை பேயுது” என்றேன். ரெண்டும் ஒரே மழை தம்பி. அவர் மூட்டை நனைந்தால் அவர் குணம், என் மூட்டை நனைந்தால் வானம். நீ ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, அடுத்தவர் தப்புக்கு ஆளையும் நம் தப்புக்குச் சூழ்நிலையையும் காரணம் காட்டுவது மனுஷ புத்தி என்று விளக்கினாய். நான் சாம்பாரை ஊற்றிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். எனக்கு அந்த விவசாயியின் முகம் ஞாபகம் வந்துவிட்டது. மறுநாளே பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்தேன். அவர் “அதெல்லாம் மறந்துட்டேம்மா” என்றார். மறக்கவில்லை. இன்றுவரை சரக்கை வேறு மண்டிக்குத்தான் போடுகிறார்.

உன்னிடமும் ஒரு தப்பு செய்தேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் யோக்கியமான கடிதமாக இருக்காது. உனக்குப் பன்னிரண்டு வயதில், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் “இவனுக்கு வியாபாரம் வராது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்லச் சொல்ல உன் கையில் பொட்டலம் அவிழும், மல்லாட்டை சிதறும். “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?” என்பேன். எதிர்பார்ப்பே ஆளை அப்படி ஆக்கிவிடும் என்று நீ படித்து வந்து சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னாய், என்னைக் குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் குத்தியது. உன் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்து இது தேறாது என்று உனக்குத் தோன்றினால், அந்த நினைப்பை முகத்தில்கூடக் காட்டாதே. பிள்ளைகள் வாத்தியார் முகத்தைப் பார்த்துத்தான் தங்களை எடை போட்டுக்கொள்ளும்.

இப்போது பூங்காவனம். அவள் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து ஆறு மாசம் ஆகிறது. புருஷன் இல்லை. மகள் ஹாஸ்டலில் பன்னிரண்டாவது படிக்கிறாள். ரெண்டு பானை, ஒரு பெஞ்சு, பத்துப் பதினைந்து சொம்பு, இதுதான் கடை. கேழ்வரகுக் கூழும் சாமைக் கூழும், கூட மோர் மிளகாய். நம்ம சங்கத்துக்காரர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ‘மலைக்காரி’ என்பார்கள். ஆனால் பௌர்ணமி அன்றைக்கு எந்தக் கடைக்காரருக்கும் சமைக்க நேரம் கிடையாது. ஆளுக்கு ஒரு சொம்பு அவரவர் கடைக்கே வரவழைத்துக் குடிப்போம். போன பௌர்ணமி சாயங்காலம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், வெயிலில் வெறுங்காலோடு நடந்து வந்தவர், நம் கடைக்கு எதிரே அப்படியே மடங்கி உட்கார்ந்து வாந்தி எடுத்தார். சுற்றி இருநூறு பேர் நின்றோம். யாராவது போவார்கள் என்று எல்லோரும் பார்த்தோம். நானும் கையில் படியோடு நின்றேன் தம்பி, அதை மறைக்க மாட்டேன். ஆள் ஜாஸ்தியாக இருந்தால் உதவி கம்மியாகும் என்று நீ சொன்ன பாடத்துக்கு அன்றைக்கு நானே சாட்சி. ஓடி வந்தவள் பூங்காவனம் ஒருத்திதான். அவரை மடியில் சாய்த்து, முகம் கழுவி, கூழை நீர்க்கக் கரைத்துப் புகட்டி, ஆட்டோ ஏற்றிவிட்டாள்.

அதற்கு அவளுக்குக் கிடைத்த பரிசைக் கேள். வாந்தி எடுத்த ஆளுக்குப் பக்கத்தில் கூழ்ச் சொம்பு இருந்ததை ஜனம் பார்த்தது. எது முதலில், எது பிறகு என்று யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் “கூழ் குடிச்ச ஆளு வாந்தி எடுத்துட்டாராம்” என்று பேச்சு. மத்தியானம் அது அஞ்சு பேர் ஆனது. மூன்றாம் நாள் “பதினஞ்சு பேரை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்களாம், மலைக்காரி பழைய மாவைக் கலக்கறாளாம்” என்று என்னிடமே வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வேகமாக வந்த பந்தைக் கைமாற்றுவது மாதிரி, பக்கத்துக் கடை சலீம் பாயிடம் “கேட்டீங்களா பாய், இப்படியாமே” என்றேன். அன்றைக்கு அவள் கடைக் கூழை நானே ரெண்டு சொம்பு குடித்திருந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். ‘எனக்கு வந்தது காலைப் பானையாக இருக்கும், அப்புறம் கெட்டிருக்கும்’ என்று மனசுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனை பேர் சொல்லும்போது அத்தனை பேருக்கும் தெரியாதது எனக்கா தெரிந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய், நான் முறுக்கு டப்பாவை எங்கே திணிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாக, புதன்கிழமை கூட்டத்தில் பூங்காவனத்தை எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். நீ சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாய்: “நீங்க குடிச்சீங்களாம்மா அன்னைக்கு?” குடித்தேன் என்றேன். “மத்தவங்க?” என்றாய். “அது எப்படிடா எனக்குத் தெரியும்?” என்றேன். “அதான் விஷயமே. ஒவ்வொருத்தருக்கும் உள்ளுக்குள்ள சந்தேகம் இருக்கும், மத்தவங்களுக்கு இல்லன்னு நெனச்சுக்கிட்டு வாயை மூடிக்குவாங்க. முப்பது பேரும் அப்படியே நெனச்சா ஒருத்தருக்கும் பிடிக்காத முடிவை எல்லாரும் சேர்ந்து எடுத்துடுவாங்க” என்றாய். பெட்டியின் ஜிப்பை இழுத்தாய், அது வரவில்லை, நான் மேலே ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டே கேட்டேன், “எந்திரிச்சுப் பேசினா?” நீ சொன்னாய்: “ஒருத்தர் பேசினா கிறுக்குன்னு சொல்லுவாங்க. கூட ஒரே ஒருத்தர் இருந்தாப் போதும்மா, மத்தவங்களுக்கும் தைரியம் வந்துடும்.” பஸ் ஏற்றிவிட்டு வரும்போது வழியெல்லாம் எனக்கு அதே யோசனை.

நம்ம சங்கத்தில் முடிவெடுக்கும் முறை உனக்குத் தெரியும். தலைவர் ஏகாம்பரம், பூஜைச் சாமான் கடைக்காரர், முதலில் தன் அபிப்பிராயத்தைச் சொல்லுவார். பிறகு “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்பார். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ‘ம்’ என்போம். முடிந்தது. இருபது வருஷமாக இதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டீக்கடைக்காரரை இந்த ‘ம்’மால்தான் அனுப்பினோம். கடையில் கண்ட ஆட்களைச் சேர்க்கிறார் என்று யாரோ சொன்னார்கள். யார் அந்த ஆட்கள், என்ன செய்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் ‘ம்’ என்றேன். போன வருஷம் பெங்களூர் பஸ்ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன், யாருடைய கடையிலோ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். “நல்லா இருக்கீங்களாக்கா? தம்பி இன்னா படிக்கிறான்?” என்று உன்னை விசாரித்தார். வாடிக்கைக்காரர் வைதால் திருப்பி வைய எனக்குத் தெரியும், போலீஸ்காரரிடம் பேச எனக்குத் தெரியும். முப்பது பேர் ‘ம்’ சொல்லும் இடத்தில் ‘ம்’ சொல்லாமல் இருக்க மட்டும் என் வாய்க்குத் தெரியவில்லை. இன்னொருமுறை அது நடக்கக் கூடாது என்று முடிவு கட்டினேன்.

திங்கட்கிழமை காலையிலேயே சலீம் பாய் கடைக்குப் போனேன். வளையல் அட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தார். “பாய், அன்னைக்கு நீங்க கூழ் குடிச்சீங்களா?” என்றேன். ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒரு சொம்பு. ஏன்க்கா, உங்களுக்கும் ஏதாவது ஆச்சா?” என்றார். “ஒரு மண்ணும் ஆவல. உங்களுக்கு?” “எனக்கும் ஒண்ணுமில்ல. ஆனா ஊரே சொல்லுதேன்னு…” என்று இழுத்தார். “ஊருன்னு யாரைச் சொல்றீங்க? உங்களுக்குச் சொன்னது நான். எனக்குச் சொன்னவளுக்கு யார் சொன்னாங்கன்னு போய்ப் பாத்தா, கடைசியில நம்ம ரெண்டு பேர் நிழலுதான் நிக்கும்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொல்வேன், எனக்காக வாதாட வேண்டாம், ‘செஞ்சுதான் பாப்போமே’ என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கள் என்றேன். “அவ்ளோதானா? அதுக்கு எதுக்குக்கா இவ்ளோ காலைல வந்தீங்க” என்றார். அவருக்குத் தெரியாது, அந்த ஒரு வார்த்தையின் எடை என்னவென்று என் மகன் எனக்குச் சொல்லியிருந்தான்.

புதன்கிழமை கூட்டத்துக்கு ஒரு பையில் மல்லாட்டை, ஒரு பையில் புளியங்கொட்டை, ஒரு பையில் கொண்டைக்கடலை, மூடியில் கை நுழையும் அளவு ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் டின், இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போனேன். செல்போன் கவர் விற்கும் குமார் பார்த்துவிட்டு “இன்னாக்கா, கூட்டமா, சுண்டலா?” என்றான். ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். “எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதான். நம்ம ரோட்டுக்கே கெட்ட பேரு. அந்தம்மாவை அடுத்த பௌர்ணமிக்குள்ள கடையை எடுத்துக்கச் சொல்லிடலாம். எல்லாருக்கும்…” அவர் முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். “தலைவரே, ‘ம்’ சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு விவரம் தெரியணும்” என்றேன். குமார் விடவில்லை: “மகன் வாத்தியாராயிட்டான்னு அக்கா இங்கயே பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுட்டாங்க.” எல்லோரும் சிரித்தார்கள். “ஆரம்பிச்சா உன்னைத்தான்டா முதல் பெஞ்சுல உக்கார வெப்பேன். கடைசி பெஞ்சுல உக்காந்ததாலதான் கவரு வித்துக்கினு கிடக்கற” என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். “அவ போகணுமா, இருக்கணுமான்னு நான் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அன்னைக்கு அவ கூழைக் குடிச்சு ஒண்ணும் ஆவாதவங்க மல்லாட்டை போடுங்க. குடிச்சு வயித்துக்கு வந்தவங்க கொண்டைக்கடலை. குடிக்கவே இல்லன்னா புளியங்கொட்டை. ஆளுக்கு மூணும் தரேன். கையை டின்னுக்குள்ள விட்டு ஒண்ணை மட்டும் போடுங்க. மீதி ரெண்டு உங்க பாக்கெட்டோட. மல்லாட்டையை மட்டும் இங்கயே தின்னுடாதீங்க, யார் இன்னா போட்டாங்கன்னு தெரிஞ்சுடும்.” ஏகாம்பரத்தின் முகம் சுருங்கியது. “இதெல்லாம் எதுக்கும்மா, வழக்கமா கேக்கற மாதிரியே கேட்டுட்டாப் போச்சு” என்றார். அந்த நிமிஷத்தில் பூங்காவனத்தின் ஆறு மாசமும், அவள் மகள் ஹாஸ்டலும் தராசில் ஆடிக்கொண்டிருந்தன. சலீம் பாய் உட்கார்ந்தபடியே சொன்னார்: “செஞ்சுதான் பாப்போமே தலைவரே. ஒரு கொட்டை போட இன்னா நேரமாயிடும்?” பின்னாலிருந்து இன்னொருவர் “ஆமா, போட்டுப் பாக்கலாம்” என்றார். அப்புறம் மூன்று பேர். நான் ஏகாம்பரத்தைப் பார்த்து, “எண்ணறது நீங்கதான் தலைவரே. உங்க கையால எண்ணினாத்தான் நாளைக்கு ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க” என்றேன். அது முகஸ்துதி இல்லை, கணக்கு. தன் கையால் எண்ணிய ஆள் பிறகு அதை மறுக்க மாட்டார்.

நான் ரெண்டு சொம்பு குடித்ததை அதுவரை வாய் திறந்து சொல்லவில்லை. முதலில் பேசியவர் முகத்துக்காக நாலு பேர் போடுவார்கள், அப்புறம் அது எண்ணிக்கை ஆகாது. டின் சுற்றி வந்தது. முப்பத்தோரு கை உள்ளே போய் வெளியே வந்தது. ஏகாம்பரம் செய்தித்தாளை விரித்துக் கொட்டினார். எண்ணினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை எண்ணினார். “புளியங்கொட்டை அஞ்சு” என்றார். “மல்லாட்டை…” என்று நிறுத்தினார். குமாருக்கே பொறுக்கவில்லை, “சொல்லுங்க தலைவரே” என்றான். “இருபத்தாறு.” “கொண்டைக்கடலை?” என்றேன். டின்னைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

அதற்கப்புறம் எழுந்த சத்தம் இருக்கிறதே, கார்த்திகை தீபத்தன்றுகூட நம் ரோட்டில் அப்படிக் கேட்டதில்லை. “யோவ், நீயும் குடிச்சியா?” “நான் காலைப் பானைன்னு நெனச்சேன்யா.” “நான் சாயங்காலம் குடிச்சேன், அப்போ எந்தப் பானை கெட்டுது?” “பதினஞ்சு பேர் ஆஸ்பத்திரின்னியே, யாரு அந்தப் பதினஞ்சு?” “எனக்குக் குமார் சொன்னான்.” “எனக்கு நீங்கதானே சொன்னீங்க!” இருபத்தாறு பேர் கையில் உண்மை இருந்தது தம்பி. ஆளுக்கொரு துண்டாக, வேட்டி மடிப்பில் முடிந்து வைத்திருந்தோம். ஒன்றாகக் கொட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அப்போது நான் சொன்னேன், ரெண்டு சொம்பு குடித்தவள் நான், பேச்சைக் கைமாற்றியவளும் நான் என்று. யாரும் என்னைத் திட்டவில்லை, அவரவர் பங்கு அவரவருக்குத் தெரிந்திருந்தது. ஏகாம்பரம் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு. அதனாலதான் கூட்டமே போட்டேன்” என்றார். குமார் என்னைப் பார்த்தான், நான் கண்ணால் அடக்கினேன். செய்ததும் நினைத்ததும் ஒத்துப்போகாவிட்டால் மனுஷன் நினைப்பைத் திருத்தி எழுதிக்கொள்வான் என்று நீ சொல்லியிருக்கிறாயே. அவர் எழுதிக்கொள்ளட்டும். ஜெயித்த அன்றைக்கு எதிராளிக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தால் மறுநாள் அவர் நம் ஆள். “ஆமா தலைவரே, நீங்க கூட்டம் போடலன்னா உண்மையே தெரிஞ்சிருக்காது” என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உன் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல். கூட்டம் என்பது கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை, எந்தக் கேள்வியை எந்த முறையில் கேட்கிறோமோ அதற்குத் தக்கபடிதான் பதில் சொல்லும் என்று சொல். நேற்று எங்களில் யாரும் திடீரென்று நல்லவர்கள் ஆகிவிடவில்லை. அதே முப்பத்தோரு பேர்தான், அதே பெஞ்சுதான். கேட்ட முறை மாறியது. மனுஷனைத் திருத்துவதைவிட அது மலிவு, சீக்கிரம் ஆகும் காரியம். நீ இந்தப் படிப்பை எடுத்ததற்காக இத்தனை வருஷ வியாபாரத்தில் நான் பெருமைப்படாத அளவு நேற்று பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வராது.

பூங்காவனத்தைக் கூப்பிட்டு வரச் சொன்னோம். கூட்டத்துக்கு அவளை அழைக்க வேண்டும் என்றே அதுவரை ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள். ஏகாம்பரம் “கடையை நடத்தும்மா, ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார், வரம் கொடுப்பது மாதிரி. அவள் அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அழவில்லை. “நீங்க நடத்துன்னு சொல்றதுக்கு நான் ஒத்துக்கணும்ல தலைவரே? பத்து நாளா என் பானை நிறைய நிறைய ஓடையில கொட்டினேன்” என்றாள். “ஐயோ, இன்னா வேணும்னு சொல்லு” என்றார் சலீம் பாய். அவள் விரல் மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள், கடைசியாக எங்களுக்கு மட்டும் ஒரு விலையும். நானும் ஒரு நிமிஷம், அவள் பக்கம் நின்றவள் என்பதால் எனக்குத் தனிச் சலுகை கிடைக்கும் என்று நினைத்து “எனக்குமா?” என்றேன். “ரெண்டு சொம்பு குடிச்சுட்டு வாயை மூடிக்கினு இருந்தீங்களேக்கா, உங்களுக்குந்தான்” என்றாள். குமார் கைதட்ட ஆரம்பித்தான், அப்புறம் எல்லோரும்.

கையெழுத்துப் போட்ட நிபந்தனைகள் இவை. கடை இருக்கும் இடத்தைவிட்டு நகராது. பூங்காவனம் சங்கத்தில் முப்பத்திரண்டாவது உறுப்பினர், பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். யாரைப் பற்றிக் கூட்டம் போட்டாலும் அந்த ஆள் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும், ‘ம்’ கிடையாது, டின்தான். கூழ் ஒரு சொம்பு கிரிவலம் வருகிறவருக்கு இருபது ரூபாய், சங்கத்துக்காரருக்கு இருபத்தைந்து ரூபாய், அடுத்த சித்ரா பௌர்ணமி வரை, பேரம் கிடையாது.